அசையாத அடிவானம்

கனடா நாட்டின் டொராண்டோ நகரில், எழுபது வயதைக் கடந்த ரஷ்யர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். ஒரு காலத்தில் நூற்றைம்பது பயணிகளைச் சுமந்து செல்லும் விமானத்தின் தலைமை விமானியாக விளங்கியவர். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநராகப் பணி ஓய்வு பெற்றவர். மாஸ்கோவுக்கும் டொராண்டோவுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர். அந்த இரண்டு இருக்கைகளுக்கும் இடையே அவர் கடந்து வந்த தொலைவு அதனினும் பெரிது. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் அந்தப் பயணத்தை அறிந்துகொள்வது ஒருவகையில் ஆறுதல் தரும்.

அவர் பிறந்தது வோல்கா நதிக்கரையில், சாரடோவ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில். காவிரியைத் தாயென்று இங்கே அழைப்பது போலவே, வோல்காவை 'அன்னை வோல்கா' என்று அழைப்பது ரஷ்யர்களின் வழக்கம். அவருக்கு ஏழு வயது நடக்கும்போது, 1961 ஏப்ரல் 12 அன்று, உலகின் முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் பூமியை ஒருமுறை வலம் வந்து, அதே மாநிலத்தில் எங்கெல்ஸ் நகருக்கு அருகே ஒரு வயல்வெளியில் பாராசூட்டில் இறங்கினார். அவரை முதலில் கண்டவர்கள் வயலில் இருந்த ஒரு மூதாட்டியும் அவருடைய சின்னஞ்சிறு பேத்தியும்தான். வானத்திலிருந்து ஒரு மனிதர் தங்கள் பக்கத்து வயலில் இறங்கினார் என்ற செய்தி அச்சிறுவனின் உள்ளத்தில் விழுந்த விதையாயிற்று. தானும் வானத்தில் பறக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தான்.

அந்நாளில் சோவியத் பள்ளிகளில் கடவுள் இல்லை என்பதும் ஒரு பாடம். இரண்டாவதாகப் பூமியைச் சுற்றி வந்த சோவியத் வீரர் கெர்மன் டிடோவ், 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பேசியபோது, விண்வெளியில் தாம் கடவுளையோ தேவதூதர்களையோ காணவில்லை என்று சொன்னார். அந்தச் சொல் சோவியத் நாடெங்கும் பரவியது. சிறுவன் அதைப் பெருமையோடு தன் தாயிடம் வந்து சொன்னான். அந்த அம்மையார், பாட்டியின் பாட்டி காலத்திலிருந்து வழிவழியாக வந்த மரப்பலகைத் திருவுருவப் படம் ஒன்றை, அண்டை வீட்டார் கண்ணில் படாதபடி அலமாரிக்குள் வைத்து வழிபட்டு வந்தவர். மாவு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமலே அவர் மறுமொழி கூறினாராம்: "அவ்வளவு தூரம் போய் ஏன் தேடினார்? இங்கே வந்து கேட்டிருந்தால் அலமாரியைத் திறந்து காட்டியிருப்பேனே!"

சிறுவன் வளர்ந்தான். சாரடோவ் மாநிலத்திலேயே உள்ள கிராஸ்னி கூட் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். இரட்டை இறக்கை கொண்ட ஆன்டனோவ் 2 என்ற சிறு விமானத்தில் தொடங்கி, 48 இருக்கைகள் கொண்ட ஆன்டனோவ் 24 விமானத்தில் பல்லாண்டு பறந்து, இறுதியில் வால்பகுதியில் மூன்று எஞ்சின்கள் கொண்ட டுபோலெவ் 154 விமானத்தின் தலைமை இருக்கைக்கு உயர்ந்தார். பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது விமானிகளின் மரபு. அவருடைய பதிவேட்டில் பதினோராயிரம் மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. ஒரு பயணிக்கும் சிறு காயம்கூட ஏற்பட்டதில்லை. அந்தப் பதிவேடே தம் வாழ்நாள் சேமிப்பு என்று அவர் நம்பியிருந்தார்.

சேமிப்புகள் கரைந்துபோகும் காலம் வந்தது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓராண்டிலேயே பொருள்களின் விலை இருபத்தைந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. முதுமைக்கென்று அவருடைய தாயார் சேமிப்பு வங்கியில் சிறுகச் சிறுகப் போட்டு வைத்திருந்த தொகை, கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபிள்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. ஆனால் அதைக்கொண்டு வாங்க முடிந்தது சில வாரங்களுக்கான ரொட்டியும் சர்க்கரையும்தான். உலகிலேயே மிகப் பெரிய விமான நிறுவனமாக இருந்த ஏரோஃப்ளோட், நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களாகச் சிதறியது. விமானத்தில் பயணம் செய்வோர் தொகை பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. உதிரிப் பாகங்கள் இல்லாமல் விமானங்கள் ஓடுபாதை ஓரத்தில் புல் முளைக்க நின்றன. 1998 ஆகஸ்டில் ரூபிள் மீண்டும் சரிந்து, டாலருக்கு ஆறு என்றிருந்த மதிப்பு அவ்வாண்டு முடிவதற்குள் இருபதைத் தாண்டியபோது, பன்னிரண்டு வயது மகளின் எதிர்காலத்தை எண்ணி அவரும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தனர்.

கனடாவில் 1967 முதல் ஒரு முறை நடைமுறையில் உள்ளது. கல்வி, தொழில், மொழியறிவு, வயது ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, தகுதி பெறுவோரை நிரந்தரமாகக் குடியேற அனுமதிக்கிறார்கள். கணினிப் பொறியாளரான மனைவியின் கல்வி அவர்களுக்கு வேண்டிய மதிப்பெண்களைப் பெற்றுத் தந்தது. தாயாரையும் உடன் அழைத்துச் செல்லவே அவர் விரும்பினார். அம்மையார் இசையவில்லை. ஈஸ்டர் பண்டிகைக்கு அடுத்த வாரம், மறைந்தவர்களின் கல்லறைக்குச் சென்று உணவு படைத்து நினைவுகூர்வது ரஷ்யர்களின் நீத்தார் கடன். "நானும் வந்துவிட்டால் உன் தந்தையைப் பார்க்க யார் போவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

பயணம் புறப்படும் நாளில் ரஷ்யக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை முடிச்சுகள் எல்லாம் கட்டி முடிந்தபின், போகிறவரும் இருப்பவரும் ஒரு நிமிடம் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். பிறகே எழுந்து வாசலுக்கு வருவார்கள். ஒருவர் பயணம் கிளம்பிய கையோடு வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதும் அங்கே உண்டு. சென்றவரின் வழியைத் துடைத்து எறிவதுபோல் ஆகிவிடும் என்பது நம்பிக்கை. மறந்த பொருளுக்காகத் திரும்பி வருவதையும் அவர்கள் விரும்புவதில்லை. 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லி விடைபெறும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றின் பொருள் விளக்காமலே விளங்கும். 1999இல் ஒரு பனிக்காலக் காலையில், தாயும் மகனும் மருமகளும் பேத்தியும் அந்தச் சிறு வீட்டில் அவ்வாறு ஒரு நிமிடம் அமர்ந்திருந்தார்கள். பிறகு தாய் முதலில் எழுந்தார்.

டொராண்டோவில் அவர் முதலில் செய்தது, விமானி உரிமத்துக்கான படிப்பைத் தொடங்கியதுதான். அயல்நாட்டு உரிமம் வைத்திருப்பவரும் அங்கே எழுத்துத் தேர்வுகளும் மருத்துவப் பரிசோதனையும் கடந்தாக வேண்டும். இரவில் ஒரு கிடங்கில் பெட்டி சுமந்தார். பகலில் ஆங்கிலத்தோடும் அந்நாட்டு விமானக் கருவிகளோடும் போராடினார். இரண்டு கருவிகள் அவரைப் பெரிதும் சோதித்தன.

ஒன்று, உயரமானி. அவர் பழகிய சோவியத் முறையில், இறங்கப்போகும் ஓடுபாதையின் மட்டத்துக்கு ஏற்ப அதனைச் சரிசெய்து வைப்பார்கள். சக்கரம் தரையைத் தொடும்போது அது பூஜ்யம் காட்டும். கனடாவில் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். அதுவும் மீட்டரில் அன்று, அடிக் கணக்கில். டொராண்டோவின் பெரிய விமான நிலையத்தில் இறங்கி நின்ற பிறகும் கருவி 569 அடி என்று காட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று, செயற்கை அடிவானம் எனப்படும் கருவி. மேகத்துக்குள்ளும் இருளிலும் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அதைப் பார்த்தே அறிய வேண்டும். சோவியத் விமானத்தில், அடிவானக் கோடு சாயாமல் இருக்க, சிறிய விமானச் சின்னம் இடமோ வலமோ சாயும். மேலைநாட்டு விமானத்திலோ, சின்னம் அசையாமல் இருக்க, அடிவானக் கோடே சாயும். உள்ளமும் கையும் ஒன்றுக்குப் பழகிவிட்டால், மற்றொன்றில் நெருக்கடி நேரத்தில் திருப்ப வேண்டிய பக்கத்துக்கு மாறாகக் கை போய்விடக்கூடும். 2008 செப்டம்பரில் ரஷ்யாவின் பெர்ம் நகருக்கருகே ஒரு போயிங் விமானம் விழுந்து 88 பேர் உயிரிழந்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இந்தக் குழப்பமும் ஒன்று.

முயன்று தேர்வுகளைக் கடந்தார். ஆயினும் வேலை கிட்டவில்லை. விமான நிறுவனங்களில் பணிமூப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். புதிதாகச் சேருபவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராயினும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் அதற்கும் அவர் ஆயத்தமாகவே இருந்தார். அப்போது 2001 செப்டம்பர் 11 வந்தது. வான்வழிப் பயணமே முடங்கியது. கனடாவின் பெரிய விமான நிறுவனங்களுள் ஒன்று அந்த நவம்பரில் மூடப்பட்டது. அந்நாட்டிலேயே பிறந்து பயின்ற விமானிகள் வேலை தேடி அலைந்தபோது, உச்சரிப்பில் ரஷ்ய வாடை வீசும் ஒரு புதியவரை யார் அழைப்பார்கள்? வீட்டில் அவர் யாரோடும் பேசுவதில்லை. மனைவியின் ஊதியத்தில் உண்ணும் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்றது. பதிவேட்டை எடுத்துப் பார்ப்பதும் மூடி வைப்பதுமாக ஒரு பனிக்காலம் முழுதும் கழிந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை மனைவிதான் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் தாயிடம் சொல்ல நா எழவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் பேசும்போது, வேலை நன்றாகப் போகிறது என்று மட்டும் சொல்வார். ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் சிறிது நேரம் ஓசை இல்லை. பிறகு அம்மையார் கேட்டார்: "உன் வண்டியில் எத்தனை ஆன்மாக்கள்?"

ரஷ்ய மொழியில் ஆட்களை எண்ணும்போது 'இத்தனை ஆன்மா' என்று எண்ணுவது பழைய வழக்கு. உலகெங்கும் வானொலியில் பேசும் விமானப் போக்குவரத்து மொழியிலும் அது உண்டு. ஒரு விமானம் ஆபத்தில் சிக்கினால், தரையில் இருப்பவர்கள் 'எத்தனை ஆன்மாக்கள் உள்ளன?' என்றே விமானியைக் கேட்பார்கள். பயணி, பணியாளர், பிறந்த குழந்தை என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் இல்லை.

"நாற்பத்தெட்டுக் குழந்தைகள், அம்மா."

"முன்பு நீ ஓட்டிய விமானத்திலும் நாற்பத்தெட்டுப் பேர்தானே? அப்படியானால் கடவுள் உனக்குக் கொடுத்த பொறுப்பு குறையவில்லை, மகனே. உயரம்தான் குறைந்திருக்கிறது."

அந்த இரவு தமக்கு உறக்கம் வரவில்லை என்று அவர் நினைவுகூர்வதுண்டு. உயரமானியின் பாடம் அன்றுதான் அவருக்குப் புரிந்தது. தாம் ஒரு காலத்தில் அமர்ந்திருந்த இருக்கையின் மட்டத்திலிருந்தே அதுவரை தம் வாழ்வை அளந்துகொண்டிருந்தார். அந்த அளவையில் தாம் நிற்கும் இடம் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேயே இருந்தது. எல்லோருக்கும் பொதுவான கடல் மட்டத்திலிருந்து அளந்தால், தரையில் நிற்பவனுக்கும் ஓர் உயரம் உண்டு. மறுநாள் காலை, குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே இருந்தபோது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது போலவே பேருந்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒவ்வொரு விளக்கையும் சோதித்தார். ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. குழந்தைகள் ஏறி அமர்ந்ததும் எண்ணுவார்; எண்ணி முடித்தபின்தான் வண்டியை எடுப்பார். பலனையும் பதவியையும் எண்ணாமல் கடமையை வழிபாடாகச் செய்வதைக் கர்ம யோகம் என்று நம் பெரியோர் கூறுவர். அந்தச் சொல்லை அறியாமலே, வோல்கா நதிக்கரையில் இருந்த ஒரு முதிய தாய் அதைத் தொலைபேசியில் மகனுக்கு உபதேசித்துவிட்டார்.

ஏழாவது ஆண்டுப் பனிக்காலத்தில் அந்தத் தாய் காலமானார். மூன்றாம் நாள் நல்லடக்கம் செய்வது அவர்கள் மரபு. செய்தி கிடைத்த அன்றே கிளம்பி, மாஸ்கோ வந்து, வேறு விமானம் மாறி அவர் சாரடோவ் சேர்ந்தபோது மூன்றாம் நாள் மாலை ஆகிவிட்டது. புதிய மண்மேட்டின்மீது பனி விழத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் வழிபாடுவரை தங்கினார். அப்போது பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு செய்தி சொன்னார். அவர்கள் கனடாவுக்குக் கிளம்பிய அன்று, அவருடைய தாயார் துடைப்பத்தைத் தொடவே இல்லையாம், மறுநாளும் தொடவில்லையாம். டொராண்டோவிலிருந்து 'வந்து சேர்ந்தோம்' என்ற தொலைபேசி வந்த பிறகுதான் வீட்டைப் பெருக்கினாராம்.

அலமாரியில் இருந்த திருவுருவப் படம் இப்போது சுவரின் மூலையில், உரிய இடத்தில் இருந்தது. அதைத் தம்முடன் எடுத்துச் செல்ல அவர் விரும்பினார். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அன்றைய ரஷ்யச் சட்டம் இடம் தரவில்லை. தாயைப் போலவே அந்தப் படமும் வர மறுத்துவிட்டது. சோவியத் காலத்தில் தானியக் கிடங்காக இருந்து மீண்டும் திறக்கப்பட்ட ஊர்த் தேவாலயத்தில் அதனை ஒப்படைத்தார். அதன் முன் எரிந்துகொண்டிருந்த சிறு கண்ணாடி விளக்கை மட்டும் எடுத்து வந்து, டொராண்டோ வீட்டின் கிழக்கு மூலையில் வைத்தார். படம் இல்லாமல் விளக்கு மட்டும் எரிகிறதே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒளியையே இறைவனாகக் கண்டு வணங்கும் மரபுடையவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பள்ளி விடுமுறைக் கோடை ஒன்றில், அவரும் மனைவியும் சஸ்காட்சுவன் மாநிலத்துக் கோதுமை வெளிகளுக்கிடையே உள்ள வெரிகின் என்ற சிற்றூருக்குப் போனார்கள். தமக்கு நூறாண்டு முன்பே அங்கு வந்து குடியேறிய ரஷ்யர்களைப் பற்றி அறியும் ஆவல் அவர்களை அங்கே இட்டுச் சென்றது. அவர்கள் டுகோபோர் எனப்படும் சமயப் பிரிவினர். ஆயுதம் ஏந்த மறுத்து, 1895இல் தங்கள் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டவர்கள். அதற்காகக் கொடுந்தண்டனை பெற்றவர்கள். 1899இல் அவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறிக் கனடா வந்தனர். அவர்களுடைய பயணச் செலவுக்காக, மாபெரும் எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் தமது 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாயை அளித்தார். அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தில் உருவம் எதுவும் இல்லை. ஒரு மேசைமீது ரொட்டி, உப்பு, ஒரு கூஜா தண்ணீர் ஆகிய மூன்றும் மட்டும் இருக்கும். வாழ்வுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்பதன் அடையாளம் அவை.

டால்ஸ்டாயை மீண்டும் படிக்கத் தொடங்கிய அவர், வேறொரு கடிதத்தையும் கண்டார். கனடாவின் வான்கூவர் நகரில் 1908இல் ஓர் இந்திய விடுதலை இதழைத் தொடங்கிய தாரக்நாத் தாஸுக்கு, அவ்வாண்டு டிசம்பரில் டால்ஸ்டாய் எழுதிய கடிதம் அது. 'ஓர் இந்துவுக்கு ஒரு கடிதம்' என்று பெயர் பெற்ற அதனைக் காந்தியடிகள் மறு ஆண்டு குஜராத்தியில் மொழிபெயர்த்தார். தீமை செய்தவர்க்கும் தீமை செய்யாதிருக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக அதில் டால்ஸ்டாய் எடுத்துக்காட்டிய நூல்களுள் ஒன்று திருக்குறள். இன்னா செய்யாமை அதிகாரத்துக் கருத்துகளை அவர் அங்கே பயன்படுத்தியுள்ளார். காவிரி நாட்டு மொழியில் பிறந்த அறம், ரஷ்ய முனிவர் ஒருவரின் கைவழியே, கனடாவில் இதழ் தொடங்கிய ஒருவரைச் சென்று சேர்ந்திருக்கிறது. குடிபெயர்வது மனிதர்கள் மட்டும் அல்லர் என்று அந்த விமானி அன்று எண்ணினார். நல்ல சொற்களும் கடல் கடக்கின்றன. எந்த நாட்டிலும் அவற்றிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை.

நாட்டை விட்டு வந்தது சரியா, தவறா என்று அவரிடம் கேட்பவர்களுக்கு, அவர் அடிவானக் கருவியைத்தான் சொல்வார். ஒரு கருவியில் விமானம் சாய்வதாகத் தெரிகிறது. மற்றொன்றில் உலகம் சாய்வதாகத் தெரிகிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. பார்க்கும் இடம்தான் வேறு. நாடு சிதைந்தது என்றும், தொழில் போயிற்று என்றும், உலகமே தம்மைக் கவிழ்த்துவிட்டது என்றும் நெடுநாள் எண்ணியிருந்தார். வெளியே இருந்து பார்த்தால், அடிவானம் எப்போதும்போல் கிடையாகவே இருந்தது. சாய்ந்ததும் நிமிர்ந்ததும் தாம்தான். அந்த அசையாத கோட்டுக்குத் தம் தாய் என்ன பெயர் வைத்திருந்தார் என்பதை அறிய அவருக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆயினும், தாயின் இறுதி யாத்திரைக்கு ஒரு பொழுது பிந்தி வந்த துயரத்துக்கு எந்தக் கருவியும் விடை சொல்லவில்லை என்பதையும் அவர் மறைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பயணச்சீட்டு எடுத்து, பெற்றோர் இருவரின் கல்லறைக்கும் நேரில் போய் வருவதை ஒரு விரதமாகவே கொண்டார்.

மகள் படித்து முடித்து, வான்கூவரில் வேலை கிடைத்துப் புறப்பட்ட நாளும் வந்தது. டொராண்டோவிலிருந்து ஐந்து மணி நேர விமானப் பயணம். பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்தபின், மூவரும் விளக்கு எரியும் மூலைக்கு எதிரே ஒரு நிமிடம் பேசாமல் அமர்ந்தார்கள். இம்முறை முதலில் எழ வேண்டியவர் அவர், எழுந்தார். மகளை அனுப்பிவிட்டு வந்ததும் மனைவி வழக்கம்போல் துடைப்பத்தை எடுக்கப் போனார். அவர் அதை வாங்கிக் கதவின் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, தொலைபேசியின் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். வான்கூவரில் இறங்கி மகள் பேசும்வரை அந்த வீடு பெருக்கப்படவில்லை.